தூதன் கும்பிட்ட சாமிகள்

சென்ற மாசி மாதத்தில் மேலூருக்கு அடுத்த ஒரு கிராமத்திற்கு, தோழர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்திற்காகப் போயிருந்தோம். அந்தச் சமயம் அவ்வூரில் திருவிழா. ஊர் வரி போட்டுப் பணம் சேர்த்து, மூன்று இராத்திரி “கிருஷ்ணன் தூது” என்பதாக ஒரு புராணப் பிரசங்கம் நடத்தினார்கள். பிரசங்கியார் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, கிருஷ்ணன் எந்த வீட்டில் இறங்கினான், எந்த ஆசனத்தில் உட்கார்ந்தான், துரியோதனன் என்ன சூழ்ச்சி செய்தான் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் போலச் சொன்னார். ஜனங்களும் பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விடியுமட்டும் கேட்டார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு வயதான குடியானவர் நம்மைப் பார்த்து, “ஏந்தம்பி, கிருஷ்ணன் தூது கேட்டாச்சு, அனுமார் தூது கேட்டாச்சு, அங்கதன் தூதும் கேட்டாச்சு. நெசமாவே நம்ம சீமைக்கு வேத்து ராசாகிட்டருந்து எவனாச்சும் தூது வந்திருக்கானா? வந்தவன் என்ன பேசினான், என்ன பாத்தான்னு எங்கனயாச்சும் எழுதிருக்கா?” என்று கேட்டார்.

“வந்திருக்கிறான் ஐயா. சீன தேசத்திலிருந்தே வந்திருக்கிறான். எழுதியும் வைத்திருக்கிறான்” என்றோம்.

“அப்ப அதை ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக?” என்றார் பெரியவர்.

இந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் நம்மால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இப்போது எழுதுகின்றோம்.

பாண்டிய நாட்டுக்கு வந்த தூது

1281-ம் வருஷம். சீனா முழுவதையும் மங்கோலியச் சக்கரவர்த்தி குப்லாய் கான் ஜெயித்து ஆண்டுகொண்டிருந்த காலம். மேற்குக் கடற்கரையில் உள்ள கொல்லம் துறைமுகத்தைத் தன் வசமாக்கிக் கொள்ள வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். அதற்காக யாங் திங்பி என்ற உத்தியோகஸ்தனை ஏற்கனவே ஒரு தடவை அனுப்பியிருந்தான். இரண்டாந் தடவை வேறொரு பெரிய அதிகாரியையும் சேர்த்து அனுப்பினான். இவர்கள் சுவான்சௌ துறைமுகத்தில் கப்பல் ஏறி மூன்று மாதத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே எதிர்க்காற்று, சாப்பாட்டுச் சாமானும் தட்டுப்பாடு. கப்பலோட்டி, “பாண்டிய நாட்டில் இறங்கினால் தரைவழியாகக் கொல்லம் போகலாம்” என்று யோசனை சொன்னான். அதன்மேல் தூதர்கள் பாண்டிய நாட்டில், “புது ஊர்” என்று பொருள்படும் பெயருள்ள ஒரு துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சீனர்கள் நமது நாட்டை அராபியர் சொன்ன மாதிரியே “மாபார்” என்று எழுதினார்கள்.

இந்த விவரம் யாவும் யுவான் வம்சத்தின் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே நடந்த சம்பாஷணைகூட எழுதப்பட்டிருக்கிறது. பாண்டிய மந்திரி ஒருவன் தூதர்களை மரியாதையாக எதிர்கொண்டு, “எங்கள் கப்பல்கள் உங்கள் துறைமுகத்துக்கு வந்தால் உங்கள் அதிகாரிகள் நன்றாக நடத்துகின்றார்கள், அதற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்? இப்போது வந்த காரியம் என்ன?” என்று கேட்டான். கொல்லத்துக்கு வழி வேண்டும் என்றதும், “பாதை சரியில்லை” என்று நழுவினான். மற்றொரு மந்திரியும் வேறு சாக்குச் சொன்னான்.

ஆனால் அடுத்த மாதம் ஒரு நாள் அதிகாலையில் அந்த இரண்டு மந்திரிகளும் தூதர்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தார்கள். கூட இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, துபாஷியை வைத்துக்கொண்டு இரகசியம் பேசினார்கள். “நான் உங்கள் சக்கரவர்த்திக்கு ஆள் அனுப்பினது அரசனுக்குத் தெரிந்து போயிற்று. என் பொன்னையும் பூமியையும் பறித்துக்கொண்டு என்னைக் கொல்லவும் பார்த்தான். பொய் சொல்லித் தப்பித்தேன். அரசர்களான ஐந்து சகோதரர்களும் இப்போது காயலில் கூடிக் கொல்லத்தின்மேல் சண்டைக்குப் போக யோசிக்கின்றார்கள். உங்களிடம் இந்நாடு ஏழை நாடு என்று சொல்லச் சொல்லியிருக்கின்றார்கள். அது பொய். துருக்க தேசங்களுக்குப் பொன்னும் முத்தும் ரத்தினமும் இங்கிருந்துதான் போகின்றன” என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

இந்தக் காயல் எங்கேயோ இருக்கிற ஊர் அல்ல. தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்கு அருகில், இன்று பழையகாயல் என்று சொல்லப்படும் ஊர்தான். முத்தும் குதிரையும் வியாபாரமான பாண்டியன் துறைமுகம். மேலே சொன்ன மந்திரிகளில் ஒருவனான அபு அலி என்பவன் 1291-ல் தேசத்தையே விட்டுச் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தான் என்றும், சக்கரவர்த்தி அவனுக்கு ஒரு கொரியப் பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தான் என்றும், 1299-ல் அங்கேயே இறந்தான் என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள்.

வந்த தூதன் பார்த்தது என்ன? கோபுரத்தையா? தேரையா? நமது சரித்திர புருஷர்களின் வீரத்தையா? ஒன்றும் இல்லை. வீட்டுக்குள்ளே விரிசல் இருப்பதைப் பார்த்தான். அண்ணன் தம்பிகள் ஐவர். அரசன் மந்திரியை நம்பவில்லை. மந்திரி அரசனை நம்பவில்லை. கையில் நிறையப் பொன் இருக்கிறது. இதைத்தான் எழுதிக்கொண்டு போனான். சில வருஷம் கழித்து, குப்லாய் கான் பாரசீகத்துக்கு அனுப்பிய தூதுக் கோஷ்டியோடு கப்பலில் வந்த மார்க்கோ போலோவும் அதே ஐந்து சகோதரர்களைப் பற்றி எழுதினார். தாய் நடுவில் நின்று சமாதானம் செய்கின்றாள். அவள் போனபிறகு இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்று எழுதினார். 1311-ல் மாலிக் காபூர் சைனியத்தோடு மதுரைக்கு வந்தபோது சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

துருக்க மந்திரி காட்டிக் கொடுத்தான், அதனால் கெட்டோம் என்று சிலர் சொல்லக் கூடும். அபு அலி செய்தது யோக்கியமான காரியம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் இராஜ்யத்தைக் கூறு போட்டு அடித்துக்கொண்டவர்கள் பாண்டியன் பெற்ற பிள்ளைகளா, துருக்கன் பெற்ற பிள்ளைகளா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று சாமிக்கு ஒரே பட்டியல்

நிற்க. யாங் திங்பி வந்து போய் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இன்னொரு சீனத் தூதர் வந்தார். இவர் நம் பக்கத்து வீடான இலங்கைக்கு வந்தவர். பெயர் செங் ஹோ. சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் நாட்டில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே யுத்தத்தில் பிடிபட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, அரண்மனை ஊழியத்துக்கு விடப்பட்டவர். அப்படிப்பட்டவர் தமது திறமையால் கப்பற்படைத் தலைவராகி, 1405 முதல் 1433 வரையில் ஏழு கடல் யாத்திரை செய்தார். முதல் யாத்திரையில் மாத்திரம் அவருடன் வந்தவர்கள் சுமார் 27,000 பேர். இவ்வளவு பேரோடு வருகிறவரைத் தூதர் என்பதா, படையெடுப்பு என்பதா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும்.

இந்தச் செங் ஹோ இலங்கையில் ஒரு கல்லை நட்டார். அந்தக் கல் 1911-ல் காலி நகரத்தில் ஒரு சாக்கடைப் பாலத்தின்மேல் மூடிக் கல்லாகக் கிடந்ததை ஓர் எஞ்ஜினீயர் கண்டெடுத்தார். இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. அதில் உள்ள தேதி 1409 பிப்ரவரி மாதத்துக்குச் சரியாகிறது. அதில் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது: சீனம், தமிழ், பாரசீகம். சிங்களத்தில் எழுதவில்லை. கடல் வியாபாரத்தில் அன்று தமிழுக்கு இருந்த செல்வாக்கு இதிலிருந்தே விளங்கும்.

இனி அதில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சீன எழுத்தில், சக்கரவர்த்தி புத்தருக்குக் காணிக்கை அனுப்பியதாக எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தில், தெனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில் கோவில் கொண்டிருந்த விஷ்ணுவுக்கு, காணிக்கை அனுப்பியதாக எழுதியிருக்கிறது. பாரசீக எழுத்தில் முஸ்லிம்களின் ஆண்டவன் பெயரால் எழுதியிருக்கிறது. காணிக்கை என்ன? பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், நூறு சுருள் பட்டு, சீன நிறையில் 2,500 எடை வாசனை எண்ணெய், இன்னும் தூபக்கால், விளக்கு முதலியவை. சீனத்தில் உள்ள பட்டியலும் தமிழில் உள்ள பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. பாரசீகத்தில் தேய்ந்தது போக மிச்சம் உள்ளதும் அதே மாதிரிதான்.

தோழர்களே! இந்த ஒரு கல்லுக்கு உள்ள புத்தி நமது பண்டிதர்கள் எழுதிய ஆயிரம் ஏட்டுக்கு உண்டா? எந்தச் சாமி பெரியது என்று நம்மவர்கள் சண்டையிட்டார்கள். சைவன் சமணனைக் கழுவேற்றினான் என்று புராணம் எழுதி, அதற்கு உற்சவமும் செய்கின்றார்கள். வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போய் லக்ஷக்கணக்கில் செலவழித்தார்கள். ஆனால் சீனத் தூதரோ மூன்று சாமியையும் ஒரே தராசில் வைத்து, ஆளுக்கு ஒரே எடை போட்டுக் கொடுத்துவிட்டார். முஸ்லிமாய்ப் பிறந்த அவர் புத்தருக்கும் கொடுத்தார், விஷ்ணுவுக்கும் கொடுத்தார். போதாக்குறைக்கு 1431-ல் சீனக் கடற்கரையில், கடல் அம்மன் காப்பாற்றினாள் என்றும் கல் நட்டார். இவரை எந்த மதக்காரர் என்று சொல்லுவது? அவர் காரியக்காரர் மதம். துறைமுகத்தில் வியாபாரிகள் மூன்று வகை; ஆகவே சாமியும் மூன்று வகை.

தூதர் கும்பிட்ட பிறகு நடந்தது என்ன? கல்லில் எழுதிய தேதிக்குச் சில வருஷத்துக்குள் செங் ஹோவுக்கும் இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகேசுவரனுக்கும் சண்டை மூண்டது. அழகேசுவரன்தான் வம்புக்கு வந்தான் என்று சீனர் எழுதுகின்றார்கள். ஜெயித்தவன் எழுதுவது எப்போதும் அப்படித்தான் இருக்கும். செங் ஹோ தலைநகரத்துக்குள் புகுந்து அவனைக் குடும்பத்தோடு பிடித்துக் கப்பலில் ஏற்றி, 1411-ல் நான்கிங் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்தியின் முன் நிறுத்தினார். சக்கரவர்த்தி அவனை விடுதலை செய்து, இலங்கைக்கு வேறு அரசனை நியமித்தார். பட்டும் எண்ணெயும் வாங்கிக்கொண்ட மூன்று சாமியில் ஒரு சாமியும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. ஆயிரம் பொன் வாங்கிய தெனவரைக் கோவிலையே 1588-ல் போர்ச்சுகீசியர் இடித்துக் கொள்ளையடித்தார்கள். அதையும் அந்தச் சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

சீனன் எழுதினதும் வேதவாக்கு அல்ல

இவ்வளவும் சொன்னதால், சீனன் எழுதினதெல்லாம் உண்மை என்று நாம் சொல்லுவதாக நினைக்கக் கூடாது. புராணத்தைச் சந்தேகிக்கிறவன் சரித்திரப் புத்தகத்தையும் சந்தேகித்துத்தான் படிக்க வேண்டும். சீன அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், வியாபாரத்துக்கு வந்தாலும் சிநேகிதத்துக்கு வந்தாலும், “கப்பம் கட்ட வந்தான்” என்றே எழுதிக்கொள்ளுவார்கள்.

சோழ நாட்டிலிருந்து ராஜராஜன் அனுப்பிய கோஷ்டி 1,150 நாள் பிரயாணம் செய்து 1015-ல் சீனத் தலைநகரம் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்திரண்டு பேர் போனார்கள். முத்தும் தந்தமும் கொண்டு போனார்கள். 1077-ல் இன்னொரு கோஷ்டி, எழுபத்திரண்டு பேர், போய் 81,800 சரம் செப்புக் காசு பெற்றுக்கொண்டு திரும்பினார்கள். இதைக் கப்பம் என்று சீனர் எழுதினாலும், கொடுத்ததற்குச் சரியாக வாங்கி வந்த வியாபாரம் என்பது கணக்குத் தெரிந்தவனுக்கு விளங்கும்.

இதிலும் ஒரு பெரிய வேடிக்கை உண்டு. ராஜேந்திர சோழன் 1025-ல் கடல் தாண்டிப் போய் ஸ்ரீவிஜய ராஜ்யத்தின் கடாரத்தை அடித்தான். ஆனால் அதற்கு எண்பது வருஷம் கழித்து, 1106-ல், சீன மந்திரிசபையில் சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கினவன் என்று பேசி, அவனுக்கு எழுதும் கடிதத்துக்கு மட்டமான காகிதம் போதும் என்று தீர்மானித்திருந்ததை எடுத்துக் காட்டினார்கள். அடித்தவனை அடிபட்டவனுக்கு அடிமை என்று எழுதி வைத்துவிட்டார்கள்! இப்படிச் சொல்லி வைத்தவர்கள் ஸ்ரீவிஜயத்துக்காரர்களே என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகின்றார்கள். அவர்களுடைய ஆட்கள் அடிக்கடி சீனாவுக்குப் போனார்கள். நம்முடையவர்கள் எப்போதோ ஒரு தடவை போனார்கள். வக்கீல் வைக்காதவன் வழக்கு எதிரி வக்கீல் சொல்லுகிறபடிதானே தீரும்?

1,150 நாள் கடலில் போன அந்த ஐம்பத்திரண்டு பேரும் திரும்பி வந்து என்ன சொன்னார்கள்? நமது கல்வெட்டுகளில் இன்ன நாட்டைப் பிடித்தான், இன்ன கோவிலுக்கு இத்தனை ஆடு விட்டான் என்று இருக்கிறதே தவிர, அவர்கள் கண்ட சீனாவின் கதை இல்லை. இதற்குக் காரணம் நமது அபிப்பிராயத்தில் ஒன்றுதான். எழுதப் படிக்க உரிமை கொண்டாடிய கூட்டத்துக்குக் கப்பல் ஏறினால் ஜாதி போய்விடும் என்று பௌதாயன தர்மசூத்திரம் சொல்லிற்று. கப்பல் ஏறிய வியாபாரிக்கும் மாலுமிக்கும் புத்தகம் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே கண்டவன் எழுதவில்லை, எழுதினவன் காணவில்லை. இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1888-ல் காந்தியார் படிப்பதற்காகச் சீமைக்குப் போனபோது அவருடைய ஜாதியார் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள்.

நம்மவர்கள் எழுதிய தூதும் உண்டு. புறநானூற்றுக் காலத்தில் ஔவை என்ற ஒரு பெண்ணை அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்று இருக்கிறது. திருக்குறளில் தூதுக்கு என்று 69-வது அதிகாரமே இருக்கிறது. அதெல்லாம் மனிதன் மனிதனிடம் அனுப்பிய தூது. பிற்காலத்தில் வந்த புலவர்களோ மேகத்தை, அன்னத்தை, வண்டை, புகையிலையைக்கூடத் தூது அனுப்பினார்கள். நமது மதுரைச் சொக்கநாதருக்குத் தமிழையே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடினார்கள். மதுரையான் தமிழைச் சாமியிடம் தூது விட்டான். சீனச் சக்கரவர்த்தி அதே தமிழைக் கல்லில் வெட்டி மனிதனிடம் தூது விட்டான். யாருக்குக் காரியம் நடந்தது என்று பாருங்கள்!

நியாயமாகப் பேசுவதானால், நமது வியாபாரிகளும் இந்த வித்தையை அறியாதவர்கள் அல்ல. யாங் திங்பி பாண்டிய நாட்டில் இறங்கிய அதே 1281-ம் வருஷத்தில், சுவான்சௌ நகரத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒரு சிவன் கோவில் ஏற்படுத்தி, சீனச் சக்கரவர்த்தியின் உடம்பு சுகத்துக்காக என்று தமிழில் கல்வெட்டினார். மாட்டைத் தின்னும் மங்கோலியச் சக்கரவர்த்தியின் சுகத்துக்கு நம் ஊர்ச் சிவன்! அவன் இங்கே வந்தால் நமது சாமிக்குக் கொடுப்பான்; நாம் அங்கே போனால் நமது சாமியை அவனுக்காக வேலை செய்யச் சொல்லுவோம். இரண்டு பக்கத்திலும் சாமி தரகு வேலைதான் பார்த்திருக்கிறது.

இன்றைக்கும் அதே கதை

சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். இந்தக் காலத்தைப் பார்ப்போம்.

இப்போது தூதர்கள் வந்து போகிறவர்கள் அல்ல. தலைநகரத்தில் வீடு எடுத்து நிலையாகத் தங்குகிற ஸ்தானீகர்கள். 1947-ல் டில்லிக்கு வந்த சீன ஸ்தானீகர் லோ சியாலுன் என்பவர். அவர் இங்கே இருக்கும்போதே அவரை அனுப்பிய சர்க்கார் சீனாவில் தோற்றுப் போயிற்று. 1949 டிசம்பர் 30-ந் தேதி இந்திய சர்க்கார் புதிய கம்யூனிஸ்டு சர்க்காரை ஒப்புக்கொண்டது. அவர் உத்தியோகமும் முடிந்தது. புதிய சர்க்கார் 1950-ல் யுவான் சுங்சியன் என்ற ராணுவ ஜெனரலை ஸ்தானீகராக அனுப்பிற்று. பிறகு “சகோதரர்கள்” என்று கோஷம் போட்டோம். 1962-ல் சண்டை வந்தது. ஏறக்குறைய பதினைந்து வருஷம் இரண்டு பக்கமும் ஸ்தானீகர் இல்லை. 1976-ல் மறுபடியும் ஸ்தானீகரை அனுப்பினபோது, நமது பக்கத்திலிருந்து பீகிங் போனவர் கே. ஆர். நாராயணன். திருவாங்கூர்ச் சீமையில் உழவூர் என்ற கிராமத்தில், தீண்டாதார் என்று தள்ளி வைக்கப்பட்ட வகுப்பில் பிறந்து, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியில்லாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். கடல் தாண்டினால் ஜாதி போகும் என்று சாஸ்திரம் சொன்ன தேசம், உடைந்த சிநேகத்தை ஒட்ட வைப்பதற்கு, ஜாதியே இல்லை என்று தள்ளி வைத்தவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் 1997-ல் ராஷ்டிரபதியும் ஆனார்.

பிறகும் சிநேகம் நிலையாக இல்லை. 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். அதற்குப் பின் 2022 முதல் 2024 மே வரையில் சுமார் பதினெட்டு மாதம் டில்லியில் சீன ஸ்தானீகர் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆள் அனுப்புவது ஒரு பேச்சு என்றால், அனுப்பாமல் இருப்பதும் ஒரு பேச்சுத்தான்.

இலங்கையில் நடந்ததோ வேறு. அங்கே ஸ்தானீகர் வருவதற்கு முன்பே, 1952-ல் ரப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் ஆயிற்று. 1957-ல்தான் ராஜாங்க உறவு ஏற்பட்டது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்கு விட்டார்கள். 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் சி செங்ஹாங் யாழ்ப்பாணம் போனார். நல்லூர்க் கந்தசாமி கோவிலுக்கு வேஷ்டி கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல் போய்க் கும்பிட்டார். யாழ்ப்பாண நூல் நிலையத்தையும் பார்த்தார். மீனவர்களுக்கு உதவிப் பொருள்கள் வழங்கினார். பிறகு படகில் ஏறி, ராமர் பாலம் என்று சொல்லப்படுகிற மணல் திட்டுவரை போய், நமது தனுஷ்கோடிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கடவுள் இல்லை என்ற கொள்கையுள்ள கட்சியின் சர்க்கார் அனுப்பிய தூதுவர் கந்தசாமிக்கு முன் வெறும் மேனியோடு நிற்கின்றார்! பத்திரிகைகளில் படம் வந்தது. பார்த்த நம்மவர்களில் சிலர், “பார்த்தாயா, சீனாக்காரனே நம்ம முருகனைக் கும்பிடுகிறான்” என்று மதுரைக் கடைத்தெருவில் பேசிக்கொண்டதை நாமே காதால் கேட்டோம். அன்று செங் ஹோ நட்ட கல்லைப் பார்த்தவர்களும் இப்படியேதான் பேசியிருப்பார்கள். அறுநூறு வருஷத்தில் தூதன் வித்தையும் மாறவில்லை. நாம் மயங்குவதும் மாறவில்லை.

அந்தத் தூதுவர் பேரில் நமக்குத் துவேஷம் இல்லை. அவர் தம் தேசத்துக்குச் சம்பளம் வாங்கி வேலை செய்கின்றார். செங் ஹோவும் அப்படியே, யாங் திங்பியும் அப்படியே. கெட்டிக்காரத் தூதன் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரான் எதற்கு மயங்குவான் என்று முதலில் பார்ப்பான். பணத்துக்கு மயங்குகிறவனுக்குப் பணம். பட்டத்துக்கு மயங்குகிறவனுக்குப் பட்டம். சாமிக்கு மயங்குகிறவனுக்குக் கும்பிடு. இவற்றில் மிகவும் மலிவானது கும்பிடுதான். ஒரு வேஷ்டிச் செலவோடு போய்விடுகிறது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீனத் தலைவரை வரவேற்க நமது பிரதமரே வேஷ்டி கட்டிக்கொண்டு நின்றார். கல்வான் சண்டைக்கு அப்போது எட்டு மாதம்தான் பாக்கி. ஆகவே இந்த வித்தை சீனனுக்கு மாத்திரம் சொந்தம் அல்ல.

நமக்கு ஆக வேண்டியது

தூதன் கும்பிட்ட படத்தை மாட்டி வைப்பதால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் அவர்கள் வயிற்றில் அடித்தன. தொழிற்காரர்கள் கூடி மனுப் போட்டுக் கூச்சல் போட்ட பிறகு, 2023 ஜூனில் இந்திய சர்க்கார் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. எந்தச் சீனத் தூதுவர் எந்தக் கோவிலுக்குப் போனார் என்பதால் இது நடக்கவில்லை. கணக்கெடுத்து, ஒன்றாய்ச் சேர்ந்து கேட்டதால் நடந்தது.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால்:

தூதன் வந்தால் அவன் எதைக் கும்பிட்டான் என்று பார்க்க வேண்டாம். எதைக் கேட்டான், எதைக் கொடுத்தான், எதை எழுதிக்கொண்டு போனான் என்று பார்க்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேராவது சீன பாஷை படிக்க வேண்டும். அவன் நம்மைப் பற்றி எழுதினதை நாமே படிக்க வேண்டும். அவன் தமிழில் கல் வெட்டினான். நமக்கு அவன் எழுத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. பெரியபட்டினம் கடற்கரையில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அவற்றை அடையாளம் கண்டு, என்ன காலத்தது என்று எடுத்துக் காட்டுவதற்கும் ஜப்பான் தேசத்து ஆராய்ச்சிக்காரர் நொபோரு கராஷிமா முதலானவர்கள் வரவேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த தூதன் வந்து பார்க்கும்போது வீட்டுக்குள் விரிசல் இருக்கக் கூடாது. 1281-ல் ஐந்து சகோதர அரசர்கள் இருந்த நாட்டில் அரசனும் மந்திரியும் ஒருவரை ஒருவர் நம்பாததைத் தூதன் எழுதிக்கொண்டு போனான். இன்று ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் மேலத் தெரு வேறு, கீழத் தெரு வேறு, சேரி வேறு, சுடுகாடுகூட வேறு. வேறொரு தேசத்துக்காரன் வந்து இதைப் பார்த்தால் ஐந்து என்றா எழுதுவான்? அவனுக்கு எண்ணி முடியாது!

மேலூர்ப் பக்கத்துப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னபோது, அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்படீன்னா தம்பி, வந்தவன் சாமி கும்புட வரலை, நம்ம ஆளுகளை எண்ணிப் பாக்க வந்திருக்கான்” என்றார். மூன்று இராத்திரி பிரசங்கம் செய்தவருக்கு இந்த ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மாசித் திருவிழாவுக்கு மறுபடியும் ஊர் வரி போடுவார்கள். மூன்று இராத்திரி கிருஷ்ணன் தூது சொல்லட்டும், நாம் தடுக்கவில்லை. நான்காவது இராத்திரி ஒன்று எடுத்துவைத்து, பாண்டிய நாட்டுக்கு வந்த தூதையும் காலியில் கிடைத்த கல்லையும் பற்றிச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று அந்த ஊர் வாலிபத் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். பிரசங்கியார் கிடைக்காவிட்டால் நமக்கு ஒரு கார்டு எழுதினால் போதும். பஸ் செலவைத் தவிர வேறு தக்ஷணை கேட்காமல் வந்து சொல்லத் தயாராய் இருக்கின்றோம்.